அள்ளாத மணல்

பெரியவளுக்கு மணல் ஆகாது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலுமாக, நடுவில் நாக்கை நீட்டினாற்போலக் கிடக்கும் திட்டில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே சலவைக்கூடம் வைத்துப் பிழைக்கிறவளுக்கு மணல் ஆகாது என்றால், அது மீனுக்குத் தண்ணீர் ஆகாத கதைதான். ஆனால் அதை அவளிடம் சொல்லிவிட்டு எவன் நிம்மதியாக இருப்பது?

கடற்கரை விடுதிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அவளிடம்தான் வெளுப்புக்கு வரும். இயந்திரத்தில் துவைத்துப் பிழிந்து, முற்றத்துக் கொடிகளில் வரிசையாகக் காயப்போட்டு, இஸ்திரி போட்டு மடித்து அனுப்புவாள். முற்றம் முழுக்க சிமெண்டுத் தளம். சோறு கொட்டித் தின்னலாம் என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். காலையில் துடைப்பத்தை எடுத்தால், மதிலோரம் ஒதுங்கிய கடைசிப் பொடி மணல்வரை முறத்தில் வாரி, ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்க் காயலில் கொட்டிவிட்டுத்தான் தேநீர் குடிப்பாள். கொட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். செத்த எலியைத் தூக்கிப் போடுகிற முகம் அது.

மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீடு. அதை வீடு என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு மணல்மேட்டின் உச்சியில் குந்தியிருந்தது. மேடு முழுக்க ராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் இஷ்டத்துக்குப் பரவிக் கிடந்தன. வீட்டு வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலின் மேல் தங்கச்சி புருஷன். படகு எஞ்சின் பழுது பார்ப்பது தொழில் என்று பேர். ஊர் அவனுக்கு வைத்த பேர் தூங்குமூஞ்சி. ஊரார் பேர் வைப்பதில் எப்போதாவதுதான் நியாயமாக நடந்துகொள்வார்கள். அந்த எப்போதாவதில் இது ஒன்று.

அப்பா சாகும்போது இரண்டு மகள்களுக்கும் நிலத்தைச் சரிபாதியாகத்தான் பிரித்துக் கொடுத்தார். ஒரே அகலம், ஒரே மட்டம். அப்புறம் புயல்கள் வந்தன.

அந்தத் திட்டுக்குப் புயல் ஒன்றும் புதுசு இல்லை. சில வருஷம் எட்டிப் பார்க்காது. சில வருஷம் போன சூட்டில் திரும்பி வரும். வரும்போது வெறுங்கையோடும் வராது. கடல் எழும்பிக் கரையைத் தாண்டி ஏறி, கரையில் சுரண்டிய மணலை முற்றத்திலும் ரோட்டிலும் இடுப்பளவுக்குக் கொட்டிவிட்டு இறங்கும். முன்வாசலில் எடுத்ததைக் கடல் பின்வாசலில் கொண்டுவந்து வைத்தது, அவ்வளவுதான். ஊர் என்ன செய்தது? வைத்ததை வாரிக் காயலில் படகு போகும் பள்ளத்தில் கொட்டியது. வடியும் நீர் அதை அடித்துக்கொண்டு போயிற்று. அப்புறம், கரை குறைகிறது, கடல் நம் நிலத்தைத் திருடுகிறது என்று ஊரே கூடி ஒப்பாரி வைத்தது. அப்பா சின்ன வயதில் தண்ணீர் இறைத்த கிணறு இப்போது கடலுக்குள் நிற்கிறது. நீர் வடிந்த வேளையில் அதன் உறை மட்டும் தலையை நீட்டும். படகு மோதாமல் இருக்க அதில் ஒரு கம்பைக் கட்டி வைத்தார்களே தவிர, நிலம் இப்படி நகர்கிறதே, நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒருத்தனாவது யோசித்தானா என்றால் இல்லை. விடுதிக்காரர்களின் புத்தி இன்னும் ஒரு படி மேலே. கடல் தெரியவில்லை என்று, முன்னால் இருந்த பழைய மணல்மேடுகளை இடித்துச் சமமாக்கி நாற்காலி போட்டார்கள்.

மணலை வாரும் வேலை பெரியவளின் புருஷனுக்கு. நகராட்சியின் மண்ணள்ளும் வண்டியை ஓட்டுகிறவர். வண்டிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார். அவர் வீட்டில் பேசுவதற்கு வேறு ஆள் இருந்தது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் முதலில் ரோட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அதற்கும் முன்னால் சத்தமில்லாமல் பெண்டாட்டியின் முற்றத்தை வழித்துக் கொடுத்துவிடுவார். அவள் இடுப்பில் கை வைத்து நின்று, இன்னும் கொஞ்சம், அந்த ஓரம், இந்த ஓரம் என்பாள். வண்டியின் பற்கள் புது மணலோடு பழைய மண்ணையும் ஒரு விரற்கடை சேர்த்தே வழித்தன. இப்படியே பல புயல். கடைசியில் சிமெண்டு போட்டபோது ஊரிலேயே சுத்தமான முற்றம் அவளுடையது. ஊரிலேயே பள்ளமான முற்றமும் அதுதான். மழைத் தண்ணீர் தேங்கியதும், ரோட்டுக்கு அடியில் காயல் வரைக்கும் அகலமாக ஒரு வடிகால் வெட்டி வைத்தாள். தானே வெட்டிய குழி என்பார்களே, அதற்குச் சிமெண்டும் பூசினாள்.

தூங்குமூஞ்சி முதல் புயல் முடிந்ததும் வெளியே வந்து, இடுப்பளவு மணலைப் பார்த்தான். “ஆறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றான். சூடாக இறக்கிய கஞ்சியா அது, ஆறுவதற்கு? போய்ப் படுத்துக்கொண்டான். புல் முளைத்தது. அடுத்த புயல் புல்லின் மேல் இன்னும் கொஞ்சம் கொட்டியது. புல் அதையும் பிடித்துக்கொண்டு மேலே வந்தது. மணல் ஏறி ஏறி வாசல் கதவு திறக்காமல் போனபோது சின்னவள் தொண்டை வறளக் கத்தினாள். அப்போதுதான் அவன் எழுந்தான். படகு தூக்கும் ஜாக்கிகளைப் பலகை வீட்டின் மூலைகளில் முட்டுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அடியில் மரக்கட்டைகளைச் செருகி, வீட்டையே மணலுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டான். மணலை அள்ளுவதைவிட வீட்டைத் தூக்குவது சுலபமாம். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. அவன் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அதையே செய்தான். கடைசியில் அவன் வாசலில் நின்றால் பெரியவளின் கொடியில் காயும் துணி காலுக்குக் கீழே தெரியும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

பெரியவளுக்கு அது பொறுக்கவே இல்லை. காற்றடித்தால் மேட்டின் வெறும் இடங்களிலிருந்து மணல் பறந்து ஈர விரிப்புகளில் ஒட்டியது. போதாக்குறைக்கு ஒரு விடுதி, மூட்டையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டது. அன்றைக்கே நகராட்சிக்குப் போய், மேட்டை ரோடு மட்டத்துக்கு வழித்துவிட வேண்டும் என்று அதிகாரியிடம் சண்டை போட்டு உத்தரவு வாங்கி வந்தாள். வழிக்கப் போவது வேறு யார், அவள் புருஷன்தான். உத்தரவைக் கேட்ட வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே சொல்ல மேடேறிப் போனாள். சின்னவள் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டில் வழக்கம்போல நிறைந்திருந்தது.

“நாளைக்கு வண்டி வருது. மேட்டை வழிக்கப் போறாங்க” என்றாள் பெரியவள்.

சின்னவளின் கை நின்றுவிட்டது. “வழிச்சா வீடு எங்க நிக்கும்?”

“இறக்கி வச்சுக்கங்க. ஏத்தத் தெரிஞ்சவருக்கு இறக்கத் தெரியாதா?”

“இவ்வளவு நாளாக் கிடக்குதுக்கா. இப்ப மட்டும் உனக்கு என்ன வந்துச்சு?”

“விடுதிக்காரன் விரிப்பைத் திருப்பி அனுப்பிட்டான். போன தடவை படுத்தவளுக்கு முதுகெல்லாம் மணலாம். உன் புருஷன் இங்க படுத்துக் கிடந்தா அங்க ஊருக்கே அரிக்குது.”

சின்னவள் அழ ஆரம்பித்தாள். பெரியவளுக்கு அந்த அழுகையும் புதுசு இல்லை. இந்த வாழைப்பழச் சோம்பேறியை விட்டுவிட்டு வா, நான் சோறு போடுகிறேன் என்று அவள் சொன்னபோதெல்லாம் தங்கச்சி இப்படித்தான் அழுதிருக்கிறாள். அழுதுவிட்டு அவனுக்கே மீன் வறுத்துக் கொடுப்பாள்.

கட்டிலில் ஒரு கண் திறந்தது. “அக்கா, புயல் வருதாமே. ரேடியோவுல சொன்னான். அது வந்துட்டுப் போகட்டும். எப்படியும் புதுசாக் கொட்டும். பழசையும் புதுசையும் சேத்து ஒரேயடியா அள்ளிக்கலாம். ஒரே வேலையை எதுக்கு ரெண்டு தடவை பாக்கணும்?”

“வேலையைப் பத்தி நீங்க பேசாதீங்க. வேலைக்கே அவமானம்” என்று சொல்லிவிட்டுப் பெரியவள் இறங்கினாள். காலில் ஒட்டிய மணலை அவன் வேலிக் கம்பிலேயே தட்டிவிட்டுப் போனாள்.

ஆனால் தூங்குமூஞ்சி சொன்னதுதான் நடந்தது. மறுநாள் காலையிலேயே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்துவிட்டது. எல்லாரும் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடும்படி ஒலிபெருக்கியில் கத்தினார்கள். வண்டிகளை மேடான இடத்தில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. வண்டிக்காரர் திட்டு முழுவதும் பார்த்தார். எல்லாமே அவர் தன் கையால் தட்டையாக்கிய இடங்கள். மேடு என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சகலையிடம் போய், வண்டியை இங்கே நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார். புல்லை மிதிக்காமல் பின்பக்கமாக ஏற்றுங்கள் என்றான் அவன். மேட்டை வழிக்க வர வேண்டிய வண்டி மேட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்ததைப் பெரியவள் தன் முற்றத்தில் நின்று பார்த்தாள். கட்டிய புருஷனே எதிரி பாசறையில் போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அக்கரைக்குப் போக அவள் மறுத்துவிட்டாள். உள்ளே இயந்திரங்கள் இருக்கின்றன, துவைத்து மடித்த விரிப்புகள் இருக்கின்றன, ஆளுயர மதில் இருக்கிறது. மதில் எதற்குக் கட்டியது? தங்கச்சி வீட்டிலும் யாரும் போகவில்லை. அவர்கள் போகாத காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். மதியத்துக்குள் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. இனி நினைத்தாலும் போக முடியாது.

அப்புறம் கடல் வந்தது. அலையாக வரவில்லை. அலை வந்தால் திரும்பிப் போகும்; இது திரும்பவே இல்லை. விடுதிக்காரர்கள் நாற்காலி போட்ட சமதளத்தின் மேல் பாலைக் கொதிக்க விட்டது போலப் பொங்கிப் பரவி, பெரியவளின் மதிலில் வந்து முட்டியது. மதில் கொஞ்ச நேரம் தாங்கியது. அதன் காலடியில் இருந்த மணலைத் தண்ணீர் குடைந்தெடுத்ததும், வயதானவர் உட்காருவது போல மெதுவாகச் சாய்ந்தது. பக்கத்து மனைகளெல்லாம் கொஞ்சமாவது மேடு. தண்ணீருக்கு வழி கேட்கத் தெரியாது, பள்ளம் பார்க்கத் தெரியும். அத்தனையும் அவள் முற்றத்துக்குள் இறங்கி, அவள் வெட்டிய வடிகாலைக் கண்டுபிடித்துக் காயலை நோக்கி ஓட ஆரம்பித்தது. வடிகால் வாய்க்காலானது. வாய்க்கால் ரோட்டைத் தின்றது. சிமெண்டுத் தளத்தின் அடியில் மண் போய்விட, தளம் பல்செட்டு போல அந்தரத்தில் தொங்கி, பிறகு துண்டு துண்டாக விழுந்தது.

“வா, போயிடலாம்” என்றார் வண்டிக்காரர். அவள் விரிப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேட்டிலிருந்து படகுக் கயிறு ஒன்று அவர்கள் பக்கம் வந்து விழுந்தது. மேலே தூங்குமூஞ்சி கயிற்றின் மறுமுனையை வண்டியின் சக்கரத்தில் சுற்றிப் பிடித்தபடி நின்றான். அவன் நின்று அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அவன் பிடித்த கயிற்றைப் பிடிப்பதா என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணத்தில் மூட்டை கையை விட்டுப் போய்விட்டது. அப்புறம் பிடித்தாள்.

மேட்டின் மேல், தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் வீடு போவதை முழுவதும் பார்த்தாள். முதலில் சலவை இயந்திரங்கள், பிறகு அடுப்படி, பிறகு கூரை. கடல் மேட்டையும் விட்டுவைக்கவில்லை. முன்பக்கத்தைக் கடித்துக் கடித்து ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டது. ஆனால் வெட்டுப்பட்ட இடத்தில் எல்லாம் ராவணன் மீசையின் வேர்கள் தாடி போலத் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் மணல் சரியவில்லை. வீடு ஆடியது, நின்றது. சாயங்காலம் காற்று இறங்கியதும் தூங்குமூஞ்சி கட்டிலை உதறிப் போட்டுப் படுத்துவிட்டான்.

விடிந்து பார்த்தால் திட்டு இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. பெரியவளின் மனை இருந்த இடத்தில் கடலும் காயலும் கைகோத்துக்கொண்டிருந்தன. கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் உள்ளே ஓடியது, வடியும்போது வெளியே ஓடியது. வீடு இருந்த அடையாளமே இல்லை. உள்ளே காயலின் நடுவில், நேற்றுவரை படகு போன இடத்தில், விசிறி விரித்தாற்போல ஒரு புதுத் திடல் எழும்பியிருந்தது. அதுதான் அவள் முற்றம். உடைந்த சிமெண்டுத் துண்டுகள் அங்கே வெயிலில் மின்னின. ஒரு விரிப்பும் கிடந்தது. அதன் மேல் கடற்காகங்கள் உட்கார்ந்து எச்சமிட்டுக்கொண்டிருந்தன.

ஊர் திரும்பி வந்ததும் தூங்குமூஞ்சிக்கு யோகம் அடித்தது. வயிறு வலிக்கச் சிரித்தவர்களே வரிசையாக மேடேறி வந்தார்கள். அவர் அன்றைக்கே சொன்னார், நாங்கள்தான் கேட்கவில்லை என்று ஒருத்தன் அழுதே விட்டான். அவர் என்றைக்கு என்ன சொன்னார் என்று அவனைக் கேட்டால் தெரியும். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று என்னவோ எழுதிக்கொண்டு, கட்டிலில் படுத்திருந்தவனை அப்படியே படம் பிடித்துக்கொண்டு போனார். நகராட்சி அதிகாரியும் வந்தார். மேட்டைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப் பரிந்துரை செய்வதாகச் சொல்லி, அதன் மேல் நின்று தானும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கீழே இறங்கினார். ரோட்டில் இடுப்பளவு மணல் கிடந்தது. வண்டிக்காரரைக் கூப்பிட்டு, சீக்கிரம் வாரிக் காயலில் கொட்டுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். வண்டிக்காரரும் வாரினார். உத்தரவு என்றால் உத்தரவுதானே.

பெரியவள் இதையெல்லாம் தங்கச்சி வீட்டு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போக வேறு இடம் இல்லை. மனையே இல்லாதவளுக்கு வீடு கட்டிக் கொடு என்று யாரிடம் கேட்பது? மேட்டின் பின்பக்கம் இடம் இருக்கிறது, அங்கேயே ஒரு அறை எழுப்பிக்கொள்ளுங்கள் என்று சின்னவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். சரி என்று சொல்லப் பெரியவளுக்கு வாய் வரவில்லை. அவள் காத்திருந்தது வேறு ஒன்றுக்காக. தூங்குமூஞ்சி ஒரு வார்த்தை சொல்வான். குத்தலாக ஒன்று, நக்கலாக ஒன்று. அவன் இடத்தில் அவள் இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பாள். அவன் சொல்லிவிட்டால் அவளும் பதிலுக்கு நாலு சொல்லி அழுதுவிடலாம், கணக்கு நேராகிவிடும், அப்புறம் அந்த இடத்தை வாங்கிக்கொள்ளலாம். பதில்களைக்கூட யோசித்து வைத்திருந்தாள். அவனோ சாப்பிட்டான், படுத்தான், எழுந்தான், தேநீர் குடித்தான், படுத்தான். குத்திக் காட்டுவதற்குக்கூட அவனுக்குச் சோம்பல்.

கடைசியில் அவளே கட்டிலருகில் போய் நின்றாள். சின்னவள் உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லுங்க. தெரிஞ்சுதானே விட்டு வச்சீங்க?”

“எதை?”

“மணலைத்தான். புல்லு பிடிக்கும், மேடாகும், ஒருநாள் காப்பாத்தும்னு தெரிஞ்சுதானே?”

அவன் அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். “பத்திரிகைக்காரன்கிட்ட ஆமான்னு சொல்லிட்டேன். இல்லைன்னா இன்னும் நாலு கேள்வி கேப்பான்.”

“என்கிட்ட சொல்லுங்க.”

“சோம்பல்தான்கா” என்றான். “அள்ளணும் அள்ளணும்னு தினமும் நினைப்பேன்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆமாம் என்று அவன் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். விஷயம் தெரிந்த ஒருத்தனிடம் தோற்றால் மனசு ஆறும். பரவாயில்லை, நமக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். தூக்கத்திடம் தோற்றதை எங்கே போய்ச் சொல்வது? அவள் ஒரு நாள் கூட வேலைக்கு வணங்காமல் இருந்ததில்லை. காய்ச்சலிலும் பெருக்கினாள். வயிற்றில் பிள்ளை தங்காமல் போனதற்கு மறுநாளும் பெருக்கினாள். அத்தனை வருஷமும் தன் வீட்டைத்தான் முறம் முறமாக வாரிக் காயலில் கொட்டிக்கொண்டிருந்தோம் என்பது அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அழுதாள். சத்தமாகவே அழுதாள். தூங்குமூஞ்சி எழுந்து உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையணையை எடுத்து அவளிடம் நீட்டினான். வேறு கொடுப்பதற்கு அவனிடம் என்ன இருந்தது? அவள் அதை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் துவைத்திருப்பாள், அவ்வளவு அழுக்கு.

மறுநாள் காலையில் விழிப்பு வந்ததும் கை துடைப்பத்தைத் தேடியது. கடற்காற்றில் வீடு முழுக்க மணல் வந்து படிந்திருந்தது. தங்கச்சி குடும்பம் நடத்துகிற லட்சணத்தை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு, மூலை மூலையாகப் பெருக்கினாள். முறம் நிறைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கால் தன்பாட்டில் காயல் பக்கம் திரும்பியது. தூரத்தில் அவள் புருஷனின் வண்டி ரோட்டு மணலை ஒவ்வொரு வாயாகக் காயலில் துப்பிக்கொண்டிருந்தது.

அவள் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கட்டிலில் இருப்பவன் தூங்குகிறான் என்று உறுதி செய்துகொண்டு, மேட்டின் முன்பக்கம் போய், வேர் தொங்கும் இடத்துக்கு மேலே, புல்லின் காலடியில் முறத்தைச் சாய்த்தாள்.

“அங்க வேண்டாம்கா” என்றது கட்டில், கண்ணைத் திறக்காமலே. “கொஞ்சம் இடது பக்கமாப் போடுங்க. அங்கதான் பள்ளமா இருக்கு.”

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இத்தனை நாள் யோசித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. படுத்த இடத்திலிருந்து எனக்கு வேலை சொல்கிறாயா என்று கேட்க வாயைத் திறந்தாள்.

பிறகு மூடிக்கொண்டு, குனிந்து, கொட்டியதை மறுபடி முறத்தில் வாரி, இடது பக்கமாகத் தள்ளிப் போட்டாள்.